லயத்துக்கு வந்த கேமரா

மலாக்கா ஜோங்கர் தெருவில் பழம்பொருள் கடைக்குள் நுழைகிற சுற்றுலாக்காரர், அலமாரியில் பழைய கேமராவைக் கண்டதும் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். விஷயம் தெரிந்தவர் முதலில் முகர்ந்து பார்ப்பார். தோல் உறையிலிருந்து மக்கல் வாடை வந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அதன்பிறகு ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் வைத்து அழுத்துவார். ஒரு நொடி என்று போட்டிருக்கும் இடத்தில் அது இரண்டு நொடி இழுக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். கடைசியாகப் பின்கதவைத் திறந்து, கைப்பேசி விளக்கை லென்ஸ் வழியே அடித்துப் பார்ப்பார். கிளை கிளையாக மெல்லிய இழைகள் தெரிந்தால் கடைக்காரர் சொன்ன விலையில் பாதியைக் குறைத்துக் கேட்பார். அல்லது வைத்துவிட்டு வந்துவிடுவார்.

கடலோர மாநிலம் இது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பூஞ்சைக்கு 60, 65 சதவீதமே தாராளம். லென்ஸின் மேலுள்ள தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று வளரும் அது, அமிலத்தைக் கக்கி முதலில் கண்ணாடியின் பூச்சையும் பிறகு கண்ணாடியையுமே அரிக்கும். ஆரம்பத்தில் துடைத்தால் போய்விடும். அரித்த பிறகு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. வசதியுள்ளவர்கள் ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் இடையில் பிடித்து வைக்கும் மின்சார அலமாரி வாங்குகிறார்கள். மற்றவர்களுக்கு இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு பை சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். அழகாக இருக்கிறதே என்று அந்தத் தோல் உறைக்குள்ளேயே கேமராவை வைத்திருப்பவர்தான் அதைச் சீக்கிரம் இழப்பார். ஜெர்மனியில் ஐம்பது வருடம் பெட்டிக்குள் தூங்கிய கேமரா தட்டினால் எழுந்துவிடும். மலாக்காவில் தூங்கியது பெரும்பாலும் எழுவதில்லை. வெயில் பட வேண்டும், காற்றுப் பட வேண்டும், ஷட்டர் அடிக்கடி ஓட வேண்டும். இந்த ஊரில் கேமரா சேர்க்க ஆசைப்படுகிறவர் படம் எடுக்கிறவராகவும் இருந்தே ஆகவேண்டும்.

மலேசியாவில் பழைய கேமரா தேடுகிறவர்கள் கையில் மாறிமாறி வரும் பெயர்கள் தெரிந்தவைதான். 1900இல் ஒரு டாலருக்கு வந்த கோடக் பிரவுனியின் வழிவந்த பெட்டிக் கேமராக்கள், அக்பா, ஷாங்காயில் செய்த சீகல், கல்யாணப் போட்டோக்காரர்களின் கழுத்தில் தொங்கிய யாஷிகா மேட், பேட்டரியே கேட்காத ஒலிம்பஸ் டிரிப் 35, கேனன் கேனனெட். கேனனெட் வாங்குகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிந்தைய மாடல்களின் லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்தது. பாதரசத்துக்குத் தடை வந்து அந்த பேட்டரி சந்தையிலிருந்து போய்விட்டது. இன்று கிடைக்கும் 1.5 வோல்ட்டைப் போட்டால் மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாக பேட்டரியை வளையம் வைத்துப் பொருத்திச் சமாளிக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் நம் வட்டாரத்துப் பிள்ளை ஒன்று உண்டு. ரோலெய் 35. 1966இல் வெளிவந்தபோது உலகின் மிகச் சிறிய 35 மி.மீ. கேமராக்களில் ஒன்று, சட்டைப் பையில் அடங்கும். ஜெர்மனியில் கூலி கட்டுப்படியாகாமல் அந்த நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் உற்பத்தியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. மலாக்காவிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத் தூரம். 1981இல் தொழிற்சாலை மூடும்வரை லட்சக்கணக்கான ரோலெய்கள் சிங்கப்பூர் முத்திரையோடு உலகத்துக்குப் போயின. இன்றும் சேகரிப்பாளர்கள் ஜெர்மன் முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். வடிவமைப்பு ஒன்றே, லென்ஸ் தரமும் ஏறக்குறைய ஒன்றே. தென்கிழக்காசியக் கை முடுக்கிய திருகு மட்டம் என்ற எண்ணம் விலைப்பட்டியலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு அது நல்லதுதான், மலிவாக வாங்கலாம்.

சரி, ரப்பர்த் தோட்டத்துக்கு வருவோம். டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896இல் வணிக ரீதியாக ரப்பர் நட்டதிலிருந்து தொடங்குகிறது இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களின் கதை. பின்னர் புக்கிட் அசஹானும் ஜாசின், அலோர்காஜா பக்கத்துத் தோட்டங்களும் வந்தன; லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அந்த லயத்தில் கேமரா யாரிடம் இருந்தது? துரை பங்களாவில் இருந்தது. கணக்கெழுதும் கிராணியிடம் இருக்கலாம், மருந்துக்கொட்டகை டிரஸ்ஸரிடமோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ இருக்கலாம். பால்மரம் வெட்டியவர் வீட்டில் கேமரா இல்லை, படம் இருந்தது. அந்தப் படம் டவுன் ஸ்டூடியோவில், வரைந்த தூணுக்கும் படிக்கட்டுத் திரைக்கும் முன்னால், ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்தது.

இன்னொரு வகைப் படமும் இருந்தது. அதை யாரும் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் மலாயாவில் 12 வயதை எட்டிய எல்லாரும் பதிந்துகொண்டு, புகைப்படமும் கைரேகையும் உள்ள அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசு சட்டம் போட்டது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் கார்டுகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள் என்பதிலிருந்தே அந்தச் சிறு படத்தின் மதிப்பு தெரிகிறது. தோட்டத்துப் பாட்டிகள் பலருக்கு வாழ்க்கையின் முதல் படம் அதுதான். முக்காடு விலக்கி, காது தெரிய, நேரே பார்க்கச் சொல்லி எடுத்த படம். வீட்டு ஆல்பத்தில் பாட்டியின் இளமை முகம் வேண்டுமென்றால் இன்றும் சில குடும்பங்கள் அந்தப் பழைய கார்டைத்தான் பெரிதுபடுத்துகின்றன.

லென்ஸுக்கு முன்னால்தான் தமிழர்கள் நின்றார்கள் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862இல் பினாங்கு வந்து சில மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். ஈரக் கண்ணாடித் தகடு, வெள்ளி நைட்ரேட் காலம் அது. தொட்டவர் விரலெல்லாம் கறுக்கும். மனிதக் கைபடாமல் உருவம் பிடிக்கும் இந்த மாய வேலைக்குச் சீனர்கள் வர மறுத்ததாகவும், சென்னை மாகாணத்திலிருந்து வந்திருந்த இருவரைப் பழக்கி அச்சிடவும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாகவும் 1875இல் வெளிவந்த தன் பயண நூலில் அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் பெயரை எழுதவில்லை. மலாயாவின் மிகப் பழைய படங்கள் சிலவற்றைக் கழுவிக் காயப்போட்டது நம் பக்கத்து ஆட்களின் கறுத்த விரல்கள். தாம்சனைப் புகழும் கண்காட்சிகளில் இதைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம்.

தோட்டத்துப் பழைய ஆல்பங்களைப் புரட்டுகிறவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேல் பால் வெட்டி வாழ்ந்த மக்களின் ஆல்பத்தில் பால் வெட்டும் படம் ஏன் அபூர்வம்? தீபாவளி இருக்கிறது, சடங்கு இருக்கிறது, காவடி இருக்கிறது, புதுச் சைக்கிளோடு நிற்கும் அண்ணன் இருக்கிறார். மரத்தடியில் உளியோடு குனிந்திருக்கும் அம்மா இல்லை. வெட்கம் ஒரு காரணம், கேமரா கிராணி பக்கம் இருந்தது இன்னொரு காரணம். ஆனால் அந்தக் கேமராவையே கையில் எடுத்துப் பார்த்தால் மூன்றாவது காரணம் புரியும். பெட்டிக் கேமராவின் ஷட்டர் ஏறத்தாழ நொடியில் நாற்பதில் ஒரு பங்கு, துளை எப்.11, எப்.14 என்ற அளவில் மாறாமல் நிற்கும். அக்காலப் பிலிமும் மந்தமானது. மூன்றும் சேர்ந்தால் முழு வெயில் இல்லாமல் படம் விழாது. பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறுவதற்கு முன். அதனால் பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்கு நின்றுவிட்டு, இருட்டோடு இருட்டாகத் தலைவிளக்கு வெளிச்சத்தில் மர நிரைக்குள் போவார்கள். விடிந்த பிறகும் ரப்பர்க் காட்டுக்குள் வெளிச்சம் வெட்டவெளியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். பெட்டிக் கேமராவுக்கு அது நடு இரவு. பாலை எடுத்து, நிறுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து குளித்துத் தலைசீவி லயத்து வாசலில் நிற்கும்போதுதான் கேமராவுக்குக் கண் திறக்கும். அதனால்தான் எல்லாப் படங்களிலும் உச்சி வெயில், சுருங்கிய கண்கள், தாடைக்குக் கீழே கறுப்பு நிழல்.

பிலிமும் தன் பங்குக்கு விளையாடியது. சிவப்பு நிறமே தெரியாத ஆர்த்தோ பிலிமில் குங்குமப் பொட்டு கறுப்பாக விழும், அரக்குச் சேலை கறுப்பாக விழும், மாநிறத் தோல் இருப்பதைவிட இரண்டு படி கறுத்துவிடும். ஸ்டூடியோக்காரர் கூர்மையான பென்சிலால் நெகடிவில் முகத்தைத் தடவி வெளுப்பாக்கியதற்கு அழகு பற்றிய மோகம் பாதிக் காரணம், பிலிமின் ஓரவஞ்சனை மீதிக் காரணம். இன்றும் ஆர்த்தோ பிலிம் விற்கிறார்கள். வீட்டில் ஒருவரைப் பொட்டோடு நிற்கவைத்து ஒரு சுருள் எடுத்துப் பார்த்தால் தாத்தா பாட்டி படங்களை வேறு கண்ணோடு பார்க்க வரும்.

பழைய கேமராவைப் பயன்படுத்துவதில் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் வளாகத்தில் இரட்டை லென்ஸ் யாஷிகாவோடு நிற்பவருக்கு ஒரு சுருளில் 12 படம். பக்கத்தில் கைப்பேசிக்காரர் காவடி ஒன்றுக்கே நாற்பது எடுத்துவிடுவார். பன்னிரண்டுதான் என்று தெரிந்தவர் காவடி வரும்வரை காத்திருப்பார், வெயில் முகத்தில் விழுகிற இடம் எது என்று முன்கூட்டியே பார்த்து வைப்பார். அவர் தலைகுனிந்து மேலிருந்து கண்ணாடிக்குள் பார்ப்பதால் எதிரில் நிற்பவருக்குக் கூச்சம் குறையும். பிலிம் ஓட்டும் பிடியை மறந்துவிட்டுப் படமே விழவில்லையே என்று திண்டாடுகிற புதியவர்களும் அங்கேயே உண்டு. பொறுமை வளர்கிறது, மனம் அமைதியடைகிறது என்றெல்லாம் இதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். மலாக்கா வெயிலில் நாலு மணி நேரம் நின்றவருக்கு அமைதி வந்ததாகத் தெரியவில்லை. கணக்கு வரும், அது நிச்சயம்.

எடுத்தால் போதாது, கழுவ வேண்டும். வண்ணச் சுருளைப் பெரும்பாலும் கோலாலம்பூர்க் கடைகளுக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். கறுப்பு வெள்ளையை வீட்டுக் குளியலறையிலேயே கழுவலாம். ஆனால் டெவலப்பர் டப்பாவில் அச்சிட்டிருப்பது 20 டிகிரி. மலாக்கா குழாய்த் தண்ணீர் 28ஐத் தொடும். சூடு கூடினால் படம் சீக்கிரம் கறுக்கும், பிலிமின் ஜெலட்டின் பூச்சு இளகிச் சுருங்கும். ஐஸ்கட்டி போட்டு வாளித் தண்ணீரை இறக்கிக்கொள்வது எளிய வழி. குளிர்சாதனம் இல்லாத காலத்து வெப்ப நாட்டு ஸ்டூடியோக்காரர்கள் ஐஸோடு படிகாரத்தையும் கைவசம் வைத்திருந்தார்கள். படிகாரக் கரைசல் ஜெலட்டினை இறுக்கிப் பிடிக்கும். ஷேவிங்குக்கு மட்டுமே அது தெரிந்த தலைமுறைக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

இவ்வளவு செய்கிறவர்களும் ஒரு விஷயத்தில் தவறிவிடுகிறார்கள். பழைய ஸ்டூடியோ மூடும்போது, அல்லது வீடு காலிசெய்யும்போது, கேமராவுக்குப் போட்டி நடக்கும். கூடவே இருக்கும் பிஸ்கட் டின்னில் காகித உறைகளுக்குள் கிடக்கும் நெகடிவ்கள் குப்பைக்குப் போகும். யாஷிகா மேட் உலகில் பல்லாயிரம் இருக்கிறது. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் 1962இல் நடந்த திருவிழாவின் நெகடிவ் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் நின்றதற்கு இப்போது அடையாளமே இல்லை. அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்ல மிச்சமிருப்பது அந்த டின்தான். ஆகவே கடைக்காரரிடமோ பழைய போட்டோக்காரர் குடும்பத்திடமோ கேமராவுக்கு விலை பேசும்போது, டின்னையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

டின்னைத் திறந்ததும் மறுபடி மூக்குக்குத்தான் வேலை. காடி வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெப்பமும் ஈரமும் அதைத் துரிதப்படுத்தும், வெளிவரும் அமில ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அவற்றைத் தனியே பிரித்து முதலில் பிரதி எடுக்க வேண்டும். பெரிய இயந்திரம் தேவையில்லை. வெள்ளை ஒளிப்பலகை ஒன்றின் மேல் நெகடிவை வைத்து, கைப்பேசியிலோ டிஜிட்டல் கேமராவிலோ நேர் மேலிருந்து எடுத்து, கணினியில் நிறத்தைத் திருப்பினால் போதும். உறைமேல் பென்சிலில் எழுதியிருக்கும் பெயர், தோட்டம், தேதி ஆகியவற்றையும் தனிப் படமாக எடுத்து அதே கோப்பில் போட வேண்டும். பிறகு அந்தத் தோட்டத்தில் பிறந்து இப்போது டவுனில் இருக்கும் பெரியவர் யாரையாவது பார்த்துக் காட்டினால், மூன்றாவது வரிசையில் நிற்பது யார், பின்னால் தெரியும் கூரை ஆயாக் கொட்டகையா கள்ளுக்கடையா என்பதெல்லாம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிடும். கேட்டதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். அவருக்கும் எண்பது தாண்டியிருக்கும்.