சிக்கிம் மலைச்சரிவில் ஒரு பொரி மக்காச்சோளம்

‘எங்கள் தோட்டத்து மக்காச்சோளத்தை வறுத்தால் ஏன் பாப்கார்ன் ஆவதில்லை?’ என்று விவசாயிகள் அடிக்கடி கேட்பதுண்டு. இதற்கான பதிலை தெற்கு சிக்கிமின் வீட்டு இறவாரங்களில் நேரிலேயே பார்க்கலாம்.

சிலிகுரியிலிருந்து டீஸ்டா ஆற்றை ஒட்டியே பாதை மேலேறுகிறது. நாம்ச்சிப் பக்கம் திரும்பினால் மலைச்சரிவெங்கும் படிப்படியாக மானாவாரி நிலங்கள். மக்காச்சோளம்தான் முக்கியப் பயிர். அறுவடையான கதிர்களைக் கொத்தாக முடிந்து இறவாரத்தில் தொங்கவிடுகிறார்கள். அவற்றில் சிறிய கதிர்கள் கண்ணில் பட்டால், அது ‘முர்லி மக்கை’ எனும் பொரி ரகம்.

விஞ்ஞானி என்.எல்.தவான் 1964-ல் இதைப் பற்றி எழுதினார். ‘சிக்கிம் பிரிமிட்டிவ்’ என்று ஆராய்ச்சியாளர்கள் அழைப்பது இந்த வகையைத்தான். செடியின் மேற்பகுதியில் ஐந்துக்கு மேல் கதிர்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு.

மணி சிறியது. தோல் கெட்டி. உள்ளே கண்ணாடி போன்ற இறுகிய மாவு. சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, தோல் தாங்கும்வரை அழுத்தம் ஏறி, பிறகு வெடித்து மலர்கிறது. கோழித்தீவன ரகங்களில் மென்மையான மாவு அதிகம். தோலும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

இரண்டையும் ஒட்டுக் கட்டினால் விளைச்சல் கூடும், பொரியும் தன்மை குறையும். அதனால் பொரி ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலந்து தேர்வு செய்கிறார்கள். அதற்கு முர்லி போன்ற பழைய ரகங்கள் கைவசம் இருக்க வேண்டும். பக்கத்து வயலில் தீவன ரகம் பூத்தால், காற்றில் வரும் மகரந்தமே இந்த விதையைக் கெடுத்துவிடும். விளைச்சல் குறைவென்று எல்லோரும் கைவிட்டாலும் இழப்புதான்.

நம்மூரில் பொரி ரகம் பயிரிடுவோர் கவனிக்க:

தீவன மக்காச்சோளத்திலிருந்து 200 மீட்டராவது தள்ளி விதையுங்கள். இடமில்லையென்றால், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காதபடி நான்கு வாரம் முன்பின்னாக விதையுங்கள்.

கதிரோடு நிழலில் உலர்த்துங்கள். ஈரப்பதம் 13 முதல் 14 சதவிகிதம் இருக்கட்டும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் பொரியாது.

விதைக்கு, ஒவ்வொரு கதிரிலும் இருபது மணியை வறுத்துப் பாருங்கள். நன்றாகப் பொரிந்த கதிர்களின் மீதி மணிகளை மட்டும் சேர்த்து வையுங்கள். ஒன்றிரண்டு கதிரோடு நிறுத்தாமல், ஐம்பது கதிர்களிலிருந்தாவது விதை எடுத்தால்தான் ரகம் வீரியம் குன்றாமல் இருக்கும்.