நாலு ரோல் கூடையும் நாற்பது பாக்கியும்

சிவமயம்

தேவகோட்டை,
ஞாயிறு மத்தியானம்

அடி கோலாலம்பூர்க்காரி,

உன் காதுக்கு வந்தது பாதி உண்மை. வீட்டில் வியாபாரம் ஆரம்பித்துவிட்டேன். ஆனால் பூர்வீக வீட்டு வளவை வாடகைக்கு விட்டுவிட்டதாகச் சொன்னாளே ஒருத்தி, அது பொய். சொன்னவள் யாரென்றும் எனக்குத் தெரியும். தை மாதம் என்னிடம் இருநூறு கிராம் கட்பீட்ஸ் வாங்கிப் போனவள், இன்னும் காசு வரவில்லை.

எங்கள் பங்குக்கு வந்த உள்வீட்டு அறை ஞாபகம் இருக்கிறதா? மாமியாரின் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த மர அலமாரியில் இப்போது கூடை வயர் ரோல்கள், குரோஷா நூல்கண்டு, ஆரி ஊசி, ஜர்தோசி, சமிக்கி, குந்தன் கல் எல்லாம் இருக்கின்றன. வியாழக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவேன். பங்காளி வீட்டு அத்தான் முதல் வாரமே முறைத்தார். “பெரியவுக படைப்பு போடுற வளவு, சந்தைக்கடையாக்கிட்டீக” என்றார். இரண்டாம் வாரம் அவர் வீட்டு ஆச்சியே ஆறு ரோல் வயர் வாங்கிப் போனார்கள். அதற்கப்புறம் அத்தான் முகப்பிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், எங்களைப் பார்க்காத மாதிரி.

இதற்கு முன்னால் நான் ஏமாந்த கதையை உன்னிடம் சொல்லவே இல்லை, வெட்கம். சொந்தக்காரப் பெண் ஒருத்தி காரைக்குடியில் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். கைவேலைப் பெட்டி விற்கிற கம்பெனி. பேர் வேண்டாம். ஏழாயிரத்துச் சொச்சம் கட்டிச் சேர வேண்டும், எனக்குக் கீழே நாலு பேர், அவர்களுக்குக் கீழே நாலு பேர். கோட்டுப் போட்ட பையன் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினான். பெட்டியைப் பிரித்தால் வண்ணக் காகிதம், முத்திரைக் கட்டை, அமெரிக்க ஆல்பத்துக்கான ஒட்டுப்பூ. தேவகோட்டையில் யாருக்கடி அது? பொருள் விற்கவில்லை, ஆள் சேர்த்தால் மட்டும் காசு. சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாதென்று 2016-லேயே மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. ஆள் சேர்த்துக் காசு சுற்றுகிற திட்டத்துக்கு 1978-லேயே தடைச் சட்டம். 2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்று தனி விதிகளும் வந்து, பிரமிடு திட்டம் கூடாதென்று அடித்துச் சொல்லிவிட்டன. இதெல்லாம் பணம் போனபிறகு என் மகன் உட்கார வைத்துப் படித்துக் காட்டியது.

எனக்கு வந்த கோபம் வேறு. கீழே ஆள், மேலே ஆள் என்று இவன் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறான்? நம் ஐயாக்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியது அப்படித்தானே! பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். ஆனால் அங்கே பெட்டியடிப் பையனுக்கு முதலாளி சம்பளம் கொடுத்தார், அதில் ஒரு பகுதியை முன்பணமாகவே ஊரில் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏற்றுவார். இங்கே பெட்டியடிப் பையனே முதலாளிக்குப் பணம் கட்டுகிறான்!

வீட்டில் கூட்டம் போட்டு விற்பதை நான் குறை சொல்லவில்லை. நம் வீட்டிலெல்லாம் இருக்கிறதே டப்பர்வேர் டப்பா, அதைக் கடையில் வைத்தபோது யாரும் சீந்தவில்லை. மூடியை எப்படி அழுத்துவதென்று யாராவது கையில் கொடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. பிரௌனி வைஸ் என்ற பெண்மணிதான் வீட்டுக் கூடங்களில் விருந்து வைத்து அதை விற்றவள். 1951-ல் கம்பெனி கடைகளிலிருந்தே சரக்கை எடுத்துவிட்டது. 1954-ல் ‘பிசினஸ் வீக்’ அட்டையில் வந்த முதல் பெண்ணும் அவள்தான். 1958-ல் முதலாளி அவளை வெளியே அனுப்பிவிட்டார், கம்பெனியில் ஒரு பங்குகூட அவள் பேரில் இல்லை. உலகமெல்லாம் மாமியார் வீடுதான் போ.

என் சரக்கும் அந்த டப்பா மாதிரிதான். வயர் ரோல் எந்தக் கடையிலும் கிடைக்கும், முடிச்சு கிடைக்காது. ஒரு ரோலுக்கு எனக்கு நிற்பது எட்டோ பத்தோ ரூபாய். ஆனால் நெல்லிக்காய் முடிச்சில் சிக்கிக்கொண்டவள் வியாழக்கிழமை பட்டாலைக்கு வந்துதான் ஆக வேண்டும். சிவன் கண் கூடைக்கு அடி போடும்போது எண்ணிக்கை ஒன்று பிசகினால் மூலை திரும்பும்போது மொத்தமும் கோணும். பாதிக் கூடையை அவிழ்த்து நானே திரும்பப் போட்டுக் கொடுக்கிறேன். வந்தவள் போகும்போது இன்னும் இரண்டு ரோல் எடுத்துக்கொண்டு போவாள்.

நானும் ஒரு தப்புப் பண்ணினேன். நாலு ரோல் கூடைக்கு மூன்று ரோல் கிளிப்பச்சை கொடுத்துவிட்டு, “நாலாவது அடுத்த வாரம்” என்றேன். அடுத்த வாரம் வந்த கிளிப்பச்சை வேறு பச்சை. கைப்பிடி ஒரு நிறம், கூடை ஒரு நிறம். சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டிய கூடை அது, திட்டு வாங்கினேன். இப்போது ஒன்று கூடுதலாக, ஒரே லாட்டில் ஐந்தாகக் கட்டித்தான் கொடுப்பது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைத் தடை வந்ததிலிருந்து மார்க்கெட்டுக்கு வயர் கூடை தூக்குகிறவர்கள் நம் தெருவிலேயே அதிகமாகியிருக்கிறார்கள். கூடை வயரும் பிளாஸ்டிக்தானே என்று என் மருமகள் கேட்கிறாள். பத்து வருஷம் உழைக்கும் என்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

உனக்குப் பிடித்தது ஓலைக் கொட்டான்தான், தெரியும். குருத்தோலையைக் கிழித்துச் சாயம் ஏற்றி, ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பின்னுவதை நம் ஆயா வீட்டில் பார்த்திருக்கிறோம். மேலே போடுகிற பாசிமணி உறையை ஆச்சிமார் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பின்னினார்கள். நம் காலத்திலேயே அது அற்றுப்போகும் போலிருந்தது. விசாலாட்சி ராமசாமி 2000 வாக்கில் எம்.ஆர்எம்.ஆர்எம். அறக்கட்டளை மூலம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் மீண்டது. யுனெஸ்கோ முத்திரையும் புவிசார் குறியீடும்கூட வாங்கிவிட்டது. இப்போது கல்யாணத்தில் தேங்காய் பழப் பை கொடுத்த வீடுகள் கொட்டான் கேட்கின்றன. ஓலை நான் விற்பதில்லை, பூச்சி அடித்துவிடும். உறைக்கு மணியும் நூலும் மட்டும் கொடுக்கிறேன்.

இப்போது பாக்கிக் கதை. பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டு நாற்பது பேர் பெயர் எழுதியிருக்கிறேன். அதில் அந்நியர்கள் ஐந்தே பேர், அவர்கள் மாதக் கடைசியில் சரியாகத் தருகிறார்கள். மிச்சம் முப்பத்தைந்தும் சொந்தம். கேட்டால், “நமக்குள்ள என்ன?” ஒரு ஆச்சி மணிக்குப் பதில் மணகோலப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார்கள். அருமையான மணகோலம், அதை எந்தக் கணக்கில் எழுத? போன மாதம் ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். லாபம் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஊரார் பீரோவில் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரே சட்டம். சொந்தக்காரர்களுக்கு ரொக்கம், அந்நியர்களுக்குக் கடன். ஊரே என்னைக் கருமி என்கிறது. நீயும் சொல்லிக்கொள்.

கந்தசஷ்டிக்கு வருகிறாய் அல்லவா? உன் ஆயா பெட்டியில் இருந்த பழைய கண்ணாடி மணிகளை மறக்காமல் கொண்டு வா, நிறம் பார்க்க வேண்டும். நீ கேட்ட மூன்று கூடையும் தயார், ஒன்று மாம்பழ மஞ்சள், இரண்டு நீலம். உன் பேரில் 1,350 ரூபாய் நிற்கிறது. நீயும் சொந்தம்தான், ரொக்கமாகக் கொண்டு வா.

உன்,
உள்வீட்டுக் கடைக்காரி