நின்றுபோன எடையும் நில்லாத நடையும்

உடல், இறைவன் குடியிருக்கும் ஆலயம் என்று இளமை முதல் கேட்டு வருகிறோம். அந்த ஆலயத்தைச் சீர்செய்ய அறுவை சிகிச்சை வரை செல்ல நேர்ந்தவன் அடியேன். என்னையொத்த முதியவர்கள் சிலருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது என் எடை 118 கிலோ. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், முழங்கால் தேய்மானம் மூன்றும் சேர்ந்திருந்தன. நெல்லையப்பர் சந்நிதியிலிருந்து சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதி அம்பாள் சந்நிதியை அடைவதற்குள் இரண்டு இடங்களில் அமர வேண்டியிருந்தது. பாபநாசம் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை தாமிரபரணிக் கரையில் அமைந்த நவகைலாயத் தலங்கள் ஒன்பதையும் இருவருமாகத் தரிசிப்பது என்பது என் மனைவியின் நெடுநாள் பிரார்த்தனை. ஒரு பிரகாரம் சுற்ற இயலாதவன் ஒன்பது தலங்களைச் சுற்றுவது எங்ஙனம்?

மருத்துவர்கள் பலவாறு ஆராய்ந்து, இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தனர். இதில் இரைப்பையின் முக்கால் பங்கு அகற்றப்பட்டு, வாழைப்பழம் போன்ற குழல் மட்டும் எஞ்சுகிறது. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பும் குறைகிறது. ஏழு மாதங்களில் 27 கிலோ குறைந்தேன். அதன் பிறகு 91-இல் முள் நின்றது. ஒரு வாரமா, இரண்டு வாரமா? ஒன்பது வாரங்கள் அசையவில்லை.

“அண்ணாச்சி, செஞ்ச செலவெல்லாம் வீணாப் போச்சா?” என்றார் உறவினர் ஒருவர். “கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி எல்லாவற்றிலும் முழுப்பட்டினி கிடந்து பாருங்கள்” என்றார் கோயில் நண்பர். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. நவகைலாயப் பேச்சை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

உணவியல் ஆலோசகர் என் உணவுக் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்துவிட்டு, “சொன்னபடிதான் இருக்கிறீர்கள், இது எல்லோருக்கும் வரும் தேக்கநிலை” என்றார். அவர் விளக்கியது வங்கிக்காரனான எனக்கு எளிதில் விளங்கியது. 118 கிலோ உடலைச் சுமந்து நடக்கச் செலவாகும் ஆற்றல் 91 கிலோ உடலுக்குத் தேவையில்லை. கொழுப்புடன் தசையும் சிறிது கரைவதால் செலவு மேலும் இறங்குகிறது. வரவு குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போல உடலும் சிக்கனம் பிடிக்கிறது. வரவும் செலவும் சமமான இடத்தில் எடை நிற்கிறது.

அப்படியானால் பட்டினி கிடந்தால் என்ன? 1944-45-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிற்று உணவளித்து ஆராய்ந்தனர். அவர்களுடைய எடை கால் பங்கு குறைந்தது. ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலோ ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பட்டினி கூடக் கூட உடலின் சிக்கனமும் கூடும் என்பதே அதன் பாடம். மேலும், சர்க்கரை மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருப்பது ஆபத்து.

எனவே திட்டம் மாறியது. தைராய்டு, இரும்புச்சத்து, பி12 ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையில் பார்த்தனர். புரதம் நாளொன்றுக்கு 75 கிராமாக உயர்த்தப்பட்டது. சைவ உணவுக்காரனாகிய எனக்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், பனீர், சோயா ஆகியவை துணை நின்றன. தட்டில் முதலில் பயறு, பிறகு காய்கறி, கடைசியில் சோறு. உண்ணும்போது தண்ணீர் இல்லை. அரை மணி கழித்தே பருகுவது. தசையை வளர்க்க, நாற்காலியில் கைபிடியாமல் உட்கார்ந்து எழும் பயிற்சி. காலையில் ரத வீதிகளில் நடை. எடை பார்ப்பது வாரம் ஒருமுறை. இடுப்பளவு மாதம் ஒருமுறை.

பிரசாதம்தான் மனத்தை உறுத்தியது. சர்க்கரைப் பொங்கலை மறுப்பது அபசாரமாகாதா? அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு இனிப்பு உண்டதும் படபடப்பும் மயக்கமும் வருவதுண்டு. குருக்களிடமே கேட்டேன். “ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் இடுங்கள், மீதியைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். சுவாமி அளவு பார்ப்பதில்லை” என்றார். அன்று முதல் அப்படியே செய்கிறேன். எங்கள் வீட்டு நைவேத்தியமும் பெரும்பாலும் சுண்டலாக மாறிவிட்டது.

பத்தாம் வாரம் அரை கிலோ இறங்கியது. தேக்கம் உடைந்தது. அடுத்த ஐந்து மாதங்களில் 84 கிலோ. அதற்குக் கீழே உடல் இறங்க மறுக்கிறது. “இது உங்கள் உடல் ஏற்றுக்கொண்ட இடம், இதைக் காப்பதே இனி வேலை” என்கிறார் மருத்துவர். சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் உண்டு.

சென்ற மார்கழியில் இரண்டு நாட்களில் ஒன்பது தலங்களையும் தரிசித்தோம். முறப்பநாட்டில் பிரகாரம் சுற்றி முடித்து, ஆற்றங்கரையில் என் மனைவிதான் “கொஞ்சம் உட்காருவோமா?” என்றாள்.

இத்தகைய சிகிச்சை செய்துகொண்ட அன்பர்கள், முள் நின்றதும் மனம் தளர வேண்டாம். தாமாகப் பட்டினியும் கிடக்க வேண்டாம். மருத்துவரிடம் செல்லுங்கள். செல்லும் வழியில் கோயில் இருந்தால் ஒரு பிரகாரம் சுற்றிவிட்டுச் செல்லுங்கள்.