ஓடி முடித்த ரூபி

அக்டோபர் 7, 2023. பிட்ஸ்பர்க்

கிரேஹவுண்ட் நாய்களை மட்டும் தத்துக் கொடுக்கும் குழுவிலிருந்து ஓர் அம்மையார் இன்று வீடு பார்க்க வந்தார். பெண் கொடுக்கிற வீட்டார் விசாரிப்பதைப் போல விசாரித்தார். வேலியின் உயரம், கதவுத் தாழ்ப்பாள், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பூனை உண்டா என ஒன்றையும் விடவில்லை. தோட்டத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவில் நாயின் கண்மட்டத்தில் டேப் ஒட்டச் சொன்னார். இந்த நாய்கள் கண்ணாடியைப் பார்த்ததே இல்லையாம். வெட்டவெளி என்று நினைத்து மோதிக்கொள்ளுமாம்.

இரண்டு நிபந்தனைகள். வேலிக்கு வெளியே எப்போதும் வாரைப் பிடித்தே கூட்டிப் போக வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் குழுவிடமே திருப்பித் தர வேண்டும். வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. மனநிறைவோடு கையெழுத்துப் போட்டோம்.

அக்டோபர் 10

"காப்பகங்களில் எத்தனையோ நாய்கள் கிடக்கும்போது ஒரு இனத்துக்கு மட்டும் எதுக்கும்மா தனிக் குழு?" என்று அண்ணன் போனில் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த இனத்தை ஆயிரக்கணக்கில் பெருக்கியது நாய்ப் பந்தயச் சூதாட்டம். ஃப்ளோரிடா மக்கள் 2018 நவம்பரில் வாக்களித்து நாய்ப் பந்தயத்துக்குத் தடை கொண்டுவந்தார்கள். 2020 டிசம்பர் 31-உடன் அங்கே ஓட்டம் நின்றது. 2022-இல் அயோவாவின் டுபியூக்கிலும் ஆர்கன்சாவின் சவுத்லேண்ட் பந்தயக் களத்திலும் நின்றது. மிச்சம் இருப்பவை மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு களங்கள். அதில் ஒன்று, ஒஹாயோ ஆற்றின் நடுவே இருக்கும் வீலிங் தீவில், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. களத்தை விட்டு வரும் நாய்க்கு இடம் மட்டும் கிடைத்தால் போதாது. அதன் பழைய வாழ்க்கையை அறிந்தவர்களும் வேண்டும். இதைச் சொன்னதும், "அப்போ கூட்டிட்டு வா" என்றார் அண்ணன்.

அக்டோபர் 21

ரூபி வந்துவிட்டாள். கறுப்பு நிறம், நான்கு வயது. இவளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க என் மகளுக்கு ஆசை. ஆனால் ரூபியைத் தற்காலிகமாக வளர்த்தவர், "அவளிடம் சொந்தமாக இருப்பது இந்தப் பெயர் ஒன்றுதான்" என்றார். மகளே ஆசையை விட்டுக்கொடுத்தாள்.

வலது காதின் உட்புறம் 59சி என்று பச்சை குத்தியிருக்கிறது. 2019 மே மாதம் பிறந்தவள், அந்த ஈற்றில் பதிவான மூன்றாவது குட்டி என்று அதற்குப் பொருள். இடது காதில் அந்த ஈற்றின் பதிவு எண்.

அரை நிமிடத்தில் அரைக் கிலோமீட்டர் ஓடக்கூடியவள், மாடிப்படியின் முன்னால் நடுங்கி நின்றாள். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கூண்டிலும் களத்திலும் கழித்தவளுக்குப் படி எப்படித் தெரியும்? குழு சொல்லிக்கொடுத்தபடி நான் பின்னால் நின்று ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தேன். என் கணவர் முன்னால் நின்று கோழித்துண்டைக் காட்டினார். ஏறிவிட்டாள். இறங்குவது இன்னும் கஷ்டம். அவசரம் இல்லை.

அக்டோபர் 25

டாக்டரிடம் காட்டக் குழு ஒரு தாள் கொடுத்திருந்தது. இந்த இனத்துக்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் இயல்பாகவே அதிகம். தைராய்டு அளவு குறைவு. தெரியாதவர் அதை நோய் என்று எண்ணி மருந்து கொடுத்துவிடலாம். சிலவகை மயக்க மருந்துகள் இவற்றின் உடலை விட்டு இறங்க நெடுநேரம் ஆகும். ஓர் உயிரின் மீது வைக்கும் அன்புக்கு இவ்வளவு விவரமும் தேவைப்படுகிறது.

கழுத்துப்பட்டையும் தனிவகை. தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம் என்பதால் சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். பின்வாங்கினால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் சரி. ஓர் அணிலைக் கண்டு பாய்ந்துவிட்டால் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேல். நாம் கூப்பிடுவது காதில் விழாது.

நவம்பர் 5

அம்மா வீடியோவில் பார்த்தார். "நம்ம கரிசக்காட்டுச் சிப்பிப்பாறை மாதிரியே இருக்கே! ஏண்டி, விலா எலும்பு தெரியுது, சோறு போடுறியா இல்லையா?" முயல் பிடிக்கும் சிப்பிப்பாறை நாய்களோடு வளர்ந்தவர் அவர். விலா லேசாகத் தெரிவதுதான் இவளுக்கு ஆரோக்கியம் என்று விளக்கினேன். "குளிருக்குப் போர்த்திவிடு" என்றார். உடம்பில் கொழுப்பும் இல்லை, அடர்ந்த மயிரும் இல்லை. பனிக்காலத்துக்கு மேல்சட்டை ஏற்கெனவே வாங்கியாயிற்று.

நவம்பர் 23

நன்றி நவிலும் நாள். வீடு நிறைய விருந்தினர். தூங்கும் ரூபியைத் தொடாதீர்கள், முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று குழந்தைகளுக்கெல்லாம் சொல்லிவைத்தேன். தனிக் கூண்டில் படுத்துப் பழகியவள். உறக்கத்தில் யாரும் தொட்டதில்லை, பதறி எழுவாள். குழந்தைகள் அப்படியே நடந்துகொண்டார்கள்.

பிறர் கட்டிய பணத்துக்காக ஓடியது போதும். இனி அவள் யாருக்கும் எதையும் ஜெயித்துக் காட்ட வேண்டியதில்லை. நாள் முழுதும் படுத்திருப்பது அவள் உரிமை.

களத்திலிருந்து புதிதாக வரும் ஒரு நாயைச் சில வாரங்கள் வைத்துப் பழக்கித் தர முடியுமா என்று குழுவினர் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டோம். படியேற்றும் முறை எங்களுக்கு இப்போது தெரியும்.