நிறுத்திய பின்னும் நிற்காத மருந்து

மாத்திரையை நிறுத்திய மறுநாளே மருந்தும் உடலை விட்டு அகன்றுவிடும் என்பது பொதுவான எண்ணம். காய்ச்சல் மாத்திரைக்கு அது பொருந்தலாம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் அமியோடரோனுக்குப் பொருந்தாது. எங்கள் பெரியப்பாவால் இதனை அறிந்தோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர் அவர். துடிப்பு ஒழுங்கு தவறியபோது புறநகர் இரயிலில் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் முதல் வாரம் நாளுக்கு 3 மாத்திரை, அடுத்த வாரம் 2, பிறகு 1 என எழுதித் தந்தார். தொடக்கத்தில் ஏன் இத்தனை என்று வினவினோம். இம்மருந்து கொழுப்பில் கரைவது. குருதியில் தங்காமல் கொழுப்பு, கல்லீரல், நுரையீரல், தோல், கருவிழிப்படலம் எங்கும் போய் அமர்ந்துகொள்ளும். அவ்விடங்கள் ஓரளவு நிரம்பிய பிறகே அதன் பயன் நிலைபெறும் என்றார். கோடையில் காய்ந்த ஏரி முதல் மழையைத் தானே குடித்துவிட்டுப் பிறகுதானே மடைக்கு நீர் விடுகிறது!

எகிப்தியர் நாட்டு மருந்தாகக் கொண்ட கெல்லா என்னும் செடியின் வேதிப்பொருளை அடியொற்றி, 1960களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்கென உருவாக்கப்பட்டது இது. இதயத் துடிப்பின் மீது இதற்குள்ள ஆற்றலை 1970இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எடுத்துரைத்த இருவருள் ஒருவர் பிரமா சிங். பிஜித் தீவில் பிறந்த இந்திய வழித்தோன்றல். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் அடங்கியுள்ளது. நாளொன்றுக்கு நமக்குத் தேவைப்படுவதோ 150 மைக்ரோகிராம். தைராய்டு சுரப்பியை அவ்வப்போது சோதிக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெரியப்பாவுக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் கண்டன. எங்கள் ஊரில் இருமலுக்கு யாரும் காரணம் தேடுவதில்லை. "உலைத் தூசி, வேறென்ன?" என்பார்கள். பக்கத்துத் தெருக்காரர் முதல் தேநீர்க்கடைக்காரர் வரை அதையே கூறினர். சென்னை மருத்துவர் மட்டும் பழைய மருந்துச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, மார்பைப் படமெடுத்துப் பார்த்து, பிற காரணங்களையும் ஆராய்ந்தபின், நுரையீரலில் சேர்ந்த மருந்தே அதனைப் புண்படுத்தியிருக்கிறது என்றார். உயிரணுக்களுக்குள் உள்ள நுண்பைகளில் கொழுப்போடு பிணைந்து அது தங்கிவிடுகிறதாம்.

மாத்திரையை அவரே நிறுத்தி, மாற்று மருந்து தந்தார். ஆயினும் இருமல் உடனே அடங்கவில்லை. நீண்டகாலம் உட்கொண்டவர் உடலில் இம்மருந்து பாதியாகக் குறையவே சராசரியாக 58 நாட்கள் ஆகின்றன. சிலருக்கு 140 நாட்களையும் தாண்டுகிறது. ஸ்டீராய்டு மாத்திரைகளோடு பல மாதங்கள் பொறுத்திருந்தோம். குருதி உறையாதிருக்க அவர் உட்கொள்ளும் வார்ஃபரினின் வேகத்தை அமியோடரோன் கூட்டவல்லது. அது மெல்ல மெல்ல வெளியேறியதால், வார்ஃபரின் அளவையும் இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

பல் பிடுங்கச் சென்றாலும், கண் காட்டச் சென்றாலும் பெரியப்பாவின் கோப்பு இப்போது எங்களோடு வருகிறது. மருந்தின் பெயரையும் அது நிறுத்தப்பட்ட தேதியையும் அதன் அட்டையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறோம்.