இடைவேளை 15 நிமிடம்

மருமகனே,

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால், கோலாலம்பூரில் அப்போது இரவு 11 மணி. அங்கே கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருக்கும் மாதங்களில் 10 மணி. சாப்பாடு முடிந்திருக்கும், வீட்டுக்குப் போக மனம் வராது, மறுநாள் ஞாயிறு என்ற தைரியம் வேறு. இளைஞர்கள் உட்கார இடம் தேடி அலையும் நேரம் அது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நம் மாமாக் சாப்பாட்டுக் கடைகளுக்குக் காற்பந்து சோறு போட்டதற்கு இந்த நேரக் கணக்கு ஒரு பெரிய காரணம். கடையை நீ எடுத்து நடத்தப் போவதாக உன் உம்மா சொன்னாள். பெரிய திரை வாங்கப் போகிறாயாம். வாங்கு. அதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்.

இந்த நாட்டு மக்களுக்குக் காற்பந்து ஆசை தொலைக்காட்சியால் வந்ததல்ல. மொக்தார் டஹாரி ஓடுவதைப் பார்க்கவும், கோல் கம்பங்களுக்கு நடுவே ஆறுமுகம் பாய்வதைப் பார்க்கவும் மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்த காலம் இருந்தது. ஆறுமுகத்தை ஸ்பைடர்மேன் என்றே அழைத்தார்கள். பிறகு 1994, 95-இல் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர்கள் பிடிபட்டார்கள். மக்களுக்கு மனசு விட்டுப்போயிற்று. 1996-இல் கட்டணத் தொலைக்காட்சியான அஸ்ட்ரோ வந்தது, அதில் இங்கிலாந்து ஆட்டங்கள் வாராவாரம் வந்தன. அரங்கத்துக்குப் போகாமல் நின்றவர்கள் நம் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். நம்பிக்கை போனால் அரங்கமே காலியாகும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். கடைக்கும் அதே விதிதான்.

ஸ்போர்ட்ஸ் பார் நடத்துகிறவர்களைப் பார்த்து நீ பெருமூச்சு விடாதே. ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க அவர்களுக்கு பீர் ஓடும், வாஸ்தவம். நம்மிடம் ஒருவன் ஒரு தே தாரிக் தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவான். அதைக் கண்டு எரிச்சல்படாதே. நம் கடையில் மது இல்லை என்பதால்தான் தொழுகை முடித்த பெரியவர் வருகிறார், பள்ளிக்கூடப் பிள்ளை அப்பாவோடு வருகிறது, அக்கா தங்கைகள் கூட்டமாக வந்து உட்காருகிறார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கோலுக்குக் கத்துவதை வேறு எங்கே பார்ப்பாய்? உலகக் கோப்பை வந்துவிட்டது என்று தேநீர் விலையை ஏற்றுகிறவர்களும், மேசைக்கு இவ்வளவு வாங்கியாக வேண்டும் என்று அட்டை எழுதி வைக்கிறவர்களும் உண்டு. அந்த ஒரு மாதக் காசுக்காக மீதிப் பதினொரு மாதத்து வாடிக்கையை இழக்கிற காரியம் அது. செய்யாதே.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். பந்து ஓடும் 45 நிமிடத்தில் எவனும் எதுவும் கேட்க மாட்டான். நடுவர் விசில் ஊதியதும் கடை முழுக்க ஒரே நேரத்தில் கை உயரும். உனக்குக் கிடைப்பது 15 நிமிடம். அந்த 15 நிமிடத்தில் ஓடி ஓடி வேலை பார்க்கிற கடை தோற்றுப்போகும். மத்தியானமே வேலையை முடித்து வைத்திருக்கிற கடைதான் தாக்குப்பிடிக்கும். ரொட்டி சானாய் மாவை மத்தியானமே பிசைந்து, உருட்டி, எண்ணெய் தடவி ஊறப் போட்டிருக்க வேண்டும். அவசரத்துக்குப் பிசைந்த மாவு வீசும்போது கிழியும், எப்பேர்ப்பட்ட கைகாரனாலும் அதைக் காப்பாற்ற முடியாது. 40-ஆவது நிமிடத்தில் ரொட்டி போடுகிறவர் கல்லில் முதல் வரிசையைப் போட்டுவிட வேண்டும். தேயிலைச் சாயத்தைக் கெட்டியாக இறக்கி வைத்திருந்தால், பால் ஊற்றி ஆற்றுவது மட்டும்தான் மிச்சம். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் ஒவ்வொரு தட்டாக வாணலியில் பிரட்ட வேண்டிய சாமான். அதை ஆட்டம் தொடங்குமுன்பே கேட்டு வாங்கிக்கொள்ளக் கடைப் பையன்களைப் பழக்கு.

திரையை எங்கே மாட்டுகிறாய் என்பதிலும் கவனம் வை. அடுப்படிக்குப் போகிற வழி திரைக்கு முன்னால் இருந்தால், பெனால்டி அடிக்கும் நேரம் தட்டோடு குறுக்கே போகிற பையன் கடை மொத்தத்திடமும் திட்டு வாங்குவான். அவன் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அவனைத் திட்டு வாங்க வைப்பது முதலாளியின் தப்பு. பையன்கள் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுப் பக்கமாக நடக்கும்படி மேசையைப் போடு. 80-ஆவது நிமிடம் தாண்டியதும் பில்லைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிடச் சொல். கடைசி விசிலுக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாக எழுந்து கல்லாவை மொய்த்தால் யாருக்கும் மரியாதை மிஞ்சாது.

ஆட்டம் முடிந்த பிறகும் வியாபாரம் இருக்கிறது. 2005-இல் இஸ்தான்புல்லில் லிவர்பூலும் ஏசி மிலானும் மோதிய இறுதி ஆட்டம் நமக்கு விடியற்காலை 2.45-க்குத் தொடங்கியது. இடைவேளையில் லிவர்பூல் மூன்று கோல் பின்தங்கியிருந்தது. சிலர் காசைக் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கேட்ட ரொட்டி இன்னும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தவர்கள், ஆறே நிமிடத்தில் மூன்று கோலும் திரும்பி வந்ததைப் பார்த்தார்கள். பெனால்டியில் லிவர்பூல் ஜெயித்தபோது சுபுஹு நெருங்கிவிட்டது. பாங்கு சொன்னதும் தொலைக்காட்சிச் சத்தத்தை நான் நிறுத்தினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பசியாறிவிட்டுத்தான் எழுந்து போனார்கள். அன்று வந்த பையன்களில் சிலர் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள்.

இரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வாங்கிய அஸ்ட்ரோ இணைப்பைக் கடையில் ஓட்டாதே, கடைக்கென்று இருக்கும் சந்தாவைக் கட்டு. திருட்டுப் பெட்டி வாங்கி ஒளிபரப்பவே ஒளிபரப்பாதே. 2022-இல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தில் அதற்குக் கடுமையான தண்டனை இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், திருட்டு ஒளிபரப்பு பிந்தித்தான் வரும். எதிர்க் கடையில் கோல் என்று கத்துவார்கள், உன் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டில் உருண்டுகொண்டிருக்கும்.

இரண்டாவது, சூது. பந்தயம் பிடிக்கிறவன் முதலில் நல்ல வாடிக்கையாளனாகத்தான் வருவான். நாலு பேருக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பான், மிச்சக் காசை விட்டுவிட்டுப் போவான். பிறகு அவன் மேசைக்கு ஆள் வந்து போகத் தொடங்கும். சம்பளத்தை அங்கே தொலைத்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உன் கடைப் பையன்களையும் அது இழுக்கும். அப்படிப்பட்டவனை முதல் நாளே மரியாதையாக வெளியே அனுப்பு. அவனால் வரும் கூட்டம் உனக்கு வேண்டாம். ஹராமான காசு கல்லாவில் கலந்தால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

2026 உலகக் கோப்பையைக் கணக்குப் போட்டுப் பார்த்தாயா? அமெரிக்கா, மெக்சிகோ, கனடா, 48 அணிகள், 104 ஆட்டங்கள். நியூயார்க்குக்கும் நமக்கும் அப்போது சரியாக 12 மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஆறு மணி ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணி, இரவு ஒன்பது மணி ஆட்டம் காலை ஒன்பது. பார்கள் பூட்டிக் கிடக்கும் நேரத்தில் நம் கல் சூடாக இருக்கும். பசியாற வருகிற நேரத்துக்கே ஆட்டமும் வருவது எப்போதும் வாய்க்காது. ஆனால் இரவு முழுக்க நின்றவனையே காலையிலும் நிறுத்திவிடாதே. ஆட்களை இரண்டாகப் பிரி, மிகைநேரத்துக்கு முழுச் சம்பளம் கொடு, தூங்க விடு. தூக்கக் கலக்கத்தில் கொதிக்கிற சாயம் கையில் கொட்டினால் வாழ்நாள் தழும்பு.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். 2024 ஜனவரி 25, தைப்பூச நாள். ஆசியக் கோப்பையில் நம் மலேசியா தென் கொரியாவோடு ஆடியது. அடுத்த சுற்றுக்குப் போக வழியில்லை என்பது முன்பே முடிவாகிவிட்டது. இருந்தும் 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தின் 15-ஆவது நிமிடத்தில் ரோமெல் மொராலெஸ் கோல் போட்டு ஆட்டத்தை 3-3 என்று முடித்தபோது, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மலேசியா ஆடும் நாளில் எதிரே எந்த ஐரோப்பிய ஆட்டம் இருந்தாலும், மூன்று மேசைக்குத்தான் ஆள் இருந்தாலும், பெரிய திரையில் நம் அணியைப் போடு. மற்றதைச் சின்னத் தொலைக்காட்சியில் போட்டுக்கொள்.