அட்ரியாட்டிக் கரையில் ஓராண்டு

இத்தாலி நாட்டின் வடகிழக்கு மூலையில் அட்ரியாட்டிக் கடலை ஒட்டித் திரியெஸ்தே என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. முன்னே கடல், பின்னே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், இரண்டிற்கும் இடையே சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நான் அந்நகரை அடைந்து, ஓராண்டுக் காலம் அங்கே கல்வி பயின்றேன். வகுப்பறையில் கற்றவற்றுள் சில மறந்துபோயின. ஆயினும், அந்நகரின் தெருவொன்றில் கற்ற பாடம் இன்றும் நினைவில் நிற்கிறது.

நான் வேதாரணியத்தைச் சேர்ந்தவன். என் தந்தையார் உப்பளத் தொழிலாளி. எங்கள் தெருவில் கடல் கடந்து படிக்கச் சென்றவன் நான் ஒருவனே. என்னை வழியனுப்பியபோது அவர் மிகுதியாக ஒன்றும் பேசவில்லை. "தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்" என்று மட்டும் கூறினார். அச்சொல்லின் பொருளை உணர எனக்கு நான்கு திங்கள் ஆயிற்று.

நான் பயிலச் சென்ற இடம் கோட்பாட்டு இயற்பியலுக்கான பன்னாட்டு மையம். பாகிஸ்தான் நாட்டு அறிஞர் அப்துஸ் சலாம் 1964-இல் அதனை நிறுவினார். 1979-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இளமையில் இலாகூரில் ஆசிரியராக இருந்தபோது, தம் துறையைப் பற்றிக் கலந்து பேச ஒருவரும் இன்றி அவர் தனிமையில் வாடினார். வளரும் நாடுகளின் இளம் அறிஞர்க்கு அத்துன்பம் நேரலாகாது என்னும் எண்ணமே அம்மையம் தோன்றக் காரணம். தனிமையைப் போக்க எழுந்த அவ்விடத்தில், நானோ தனிமையைத் தேடிக்கொண்டேன்.

அது நேர்ந்த வகையைக் கூறுகிறேன். திரியெஸ்தே காப்பிக்குப் பேர்பெற்ற ஊர். அங்குக் காப்பி வகைகளுக்கு வழங்கும் பெயர்கள் பிற இத்தாலிய நகரங்களில் வழங்கும் பெயர்களினின்றும் வேறானவை. வந்த புதிதில் ஒரு கடையில் நுழைந்து, நூலிற் படித்த பெயரைச் சொல்லிக் காப்பி கேட்டேன். நான் எண்ணியது ஒன்று. சிறு கிண்ணத்தில் வந்தது மற்றொன்று. அருகில் நின்றோர் நகைத்தனர். அந்நகைப்பில் சிறிதும் தீமை இல்லை என்பதை இன்று அறிவேன். அன்றோ நாணத்தால் என் முகம் கவிழ்ந்தது. அன்றுமுதல் வாய் திறவாது இருப்பதே நன்று எனத் துணிந்தேன். வகுப்பிலும் ஐயம் எழுந்தால் கேட்பதில்லை. என் ஆங்கில ஒலிப்பைக் கேட்டுப் பிறர் சிரிப்பரோ என அஞ்சினேன். விளைவு யாது? முதற் பருவத் தேர்வுகளுள் ஒன்றில் தோல்வியுற்றேன். தொலைபேசியில் என் தந்தையார் நலம் வினவியபோது, "நன்றாகப் படிக்கிறேன், அப்பா" என்று பொய் கூறினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சனவரித் திங்களில் ஒருநாள் 'போரா' வீசியது. போரா என்பது அந்நகரின் புகழ்பெற்ற காற்று. பின்புறத்து மேட்டுநிலத்தைக் கடந்து வரும் குளிர்ந்த காற்று, சரிவில் இறங்கிக் கடலை நோக்கிப் பாய்கிறது. சில வேளை அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரையும் கடக்கும். முற்காலத்தில் மக்கள் பற்றி நடப்பதற்காகத் தெருமுனைகளில் கயிறு கட்டினர் என்பர். வெளியே செல்ல வேண்டா எனத் தோழர்கள் தடுத்தனர். நான் கேட்கவில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் எங்கள் கரையைத் தாக்கிய கசாப் புயலைக் கண்டவன் அல்லனோ நான்? 'இக்காற்று என்னை என்ன செய்யும்?' எனச் செருக்குடன் புறப்பட்டேன்.

தெருமுனையைத் திரும்பியதும் காற்று என்னைத் தூக்கி எறிந்தது. முழங்காலில் அடிபட்டு வீழ்ந்தேன். கையிலிருந்த தாள்கள் கடலை நோக்கிப் பறந்தன. அப்போது அருகிலிருந்த வீட்டு வாயிலினின்று ஒரு கரம் நீண்டு என் தோளைப் பற்றியது. நான்கு திங்களாக நாள்தோறும் கண்டும், ஒரு வணக்கமும் கூறாமல் நான் கடந்து சென்ற மூதாட்டியின் கரம் அது. அவருக்கு வயது எண்பதுக்கு மேல் இருக்கும். என்னை உள்ளே அழைத்துச் சென்று காயத்தைக் கழுவினார். சூடான காப்பி தந்தார். பின்பு, எனக்கு விளங்கும் எளிய சொற்களால் மெல்லப் பேசினார்: "போரா இடைவிடாது வீசுவதில்லை, மகனே. ஒரு வீச்சுக்கும் மறு வீச்சுக்கும் இடையே சிறிது ஓயும். வீசும்போது எதையேனும் பற்றிக்கொள், ஓயும்போது நட. இதை எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களே! நீ ஏன் ஒருவரிடமும் பேசுவதில்லை?"

நான் என் நாணத்தை மறைக்காமல் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு தம் கதையைச் சொன்னார். அவர் பிறந்த ஊர் இஸ்திரியத் தீபகற்பத்திலுள்ள போலா. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி அந்நகரம் யூகோஸ்லாவியாவுக்கு உரியதாயிற்று. அங்கு வாழ்ந்த இத்தாலியருள் மிகப் பலர் வீடு வாசலைத் துறந்து வெளியேறினர். குழந்தையாயிருந்த அவரும் பெற்றோருடன் வெளியேறி, முகாம்களில் தங்கி, பின்னர் இந்நகரம் சேர்ந்தார். "என் மொழியே இவர்கள் மொழி. ஆயினும், பள்ளியில் என்னை வேற்றூராள் என்றார்கள். இரண்டு ஆண்டு நான் வாய் திறக்கவில்லை. மௌனம் என்னைக் காக்கவில்லை, மகனே, என் இரண்டு ஆண்டுகளை உண்டுவிட்டது" என்றார்.

அவ்வாறு வெளியேறியோர் விட்டுச்சென்ற பொருள்கள் பழைய துறைமுகப் பண்டகசாலையில் இன்றும் காக்கப்படுகின்றன. "நீ போய்ப் பார், நான் வரமாட்டேன்" என்றார் மூதாட்டியார். பின்னர் ஒருநாள் சென்று பார்த்தேன். நாற்காலிகள் மலைபோல் குவிந்திருந்தன. அலமாரிகளும் நிழற்படங்களும் பள்ளிச் சிறுவர்தம் குறிப்பேடுகளும் இருந்தன. எடுத்துச் செல்ல வருவோர் இன்றி அவை காத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் இழந்தவர்கள் இந்நகரில் மீண்டும் வாழத் தொடங்கினர். ஒரு சிறு நகைப்புக்கு அஞ்சி ஒடுங்கிய என் பேதைமையை எண்ணி வெட்கினேன்.

அடுத்த வாரம் வகுப்பில் கை உயர்த்தி என் ஐயத்தைக் கேட்டேன். குரல் நடுங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆப்பிரிக்க நாட்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, "எனக்கும் அதே ஐயம்; கேட்கத் துணிவில்லாது இருந்தேன்" என்றார். அன்றுமுதல் இருவரும் சேர்ந்து படித்தோம். தவறிய தேர்வை மீண்டும் எழுதித் தேறினேன். அந்த நாளே என் தந்தையாரிடம் முன்பு கூறிய பொய்யையும் ஒப்புக்கொண்டேன். "இப்போதுதான் நீ படிக்கத் தொடங்கியிருக்கிறாய்" என்றார் அவர்.

இன்று எங்கள் ஆய்வகத்துக்கு வெளிமாநில மாணவர் எவரேனும் புதிதாக வந்தால், அவர் பேசட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. நானே முதலில் சென்று பேசுகிறேன். வாயிலில் நின்று நீட்டிய அந்த முதிய கரத்துக்கு நான் பட்ட கடனை வேறு எவ்வாறு தீர்ப்பது?